தெனாரியஸ், தினார், டெனியர்: ஒரு ரோமானியக் காசின் பெயர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவிலியம் படிப்பவர், வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர், பட்டு நூல் வாங்கி விற்பவர், பழைய காசு சேர்ப்பவர் என்று ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர் என்னிடம் கேட்ட ஐயங்கள், சுற்றிச் சுற்றி ஒரே இலத்தீன் சொல்லில் வந்து நின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மற்றோரிடத்தில் திரும்பச் சொல்லாமல், கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. தெனாரியஸ் என்றால் என்ன? அது "பத்து" என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இலத்தீனில் பத்துக்கு 'தெகெம்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த 'தேனி' என்ற சொல்லுக்கு நம் 'பப்பத்து' என்பதே சரியான நிகர். ஆளுக்குப் பத்து, பங்குக்குப் பத்து என்ற பொருளில் வருவது. அதனோடு விகுதி சேர்ந்து 'தெனாரியஸ்' ஆயிற்று: பத்து அலகு கொண்டது. கார்த்தேஜுடன் நடந்த இரண்டாவது பெரும்போரின் நடுவில், கி.மு. 211ஐ ஒட்டி, ரோமானியர் புதிய வெள்ளிக்காசு ஒன்றை அடித்தார்கள். ஏறத்தாழ நாலரை கிராம் எடையுள்ள அந்தக் காசு, 'ஆஸ்' எனப்பட்ட வெண்கலக் காசு பத்துக்குச் சமம். தொடக்கக் காலக் காசுகளில் ரோமாதேவியின் தலைக்குப் பின்னால் பத்தைக் குறிக்கும் ரோமானிய எண்ணான பெருக்கல் குறி தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கி.மு. 140 அளவில் ஒரு தெனாரியஸுக்குப் பதினாறு ஆஸ் என்று கணக்கை மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை. பத்தாம் மாதம் என்று பொருள்படும் டிசம்பர் பன்னிரண்டாம் மாதமாக நின்றுவிட்டதைப் போன்றதுதான் இதுவும். டிசம்பரும் அதே 'தெகெம்' வழி வந்த சொல்தான்.

2. அந்தக் காசு எப்போதோ நின்றுபோய்விட்டது என்கிறார்கள். பிறகு பெயர் மட்டும் எப்படிப் பிழைத்தது?

காசு படிப்படியாகத் தேய்ந்தது. கி.பி. 64இல் நீரோ எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். பின்வந்தவர்கள் மேலும் மேலும் செம்பைக் கலந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு தெனாரியஸை முறையாக அடிப்பதே நின்றது. ஆனால் 301இல் தியோக்ளேத்தியன் பேரரசெங்கும் அறிவித்த விலைவரம்பு ஆணையில் தானியம், துணி, தச்சர் கூலி எல்லாவற்றுக்கும் உச்சவிலை தெனாரியஸில்தான் குறிக்கப்பட்டது. கையில் இல்லாத காசு, கணக்கில் இருந்தது.

அகராதிகள் இந்தச் சொல்லுக்கு 'பண்டைய ரோமானிய வெள்ளிக்காசு' என்று ஒரே வரியில் பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது போதாது என்பது என் கருத்து. இந்தப் பெயர் உலோகத்தோடு ஒட்டியதைவிடக் கணக்கோடுதான் இறுக ஒட்டியிருந்தது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

3. தினார் அரபுச் சொல்தானே? குர்ஆனிலேயே இருக்கிறதே?

குர்ஆனில் இருப்பது உண்மை. மூன்றாம் அத்தியாயத்தின் 75ஆம் வசனம், ஒற்றைத் தினாரை நம்பி ஒப்படைத்தால்கூட, விடாமல் நின்று கேட்டாலொழியத் திருப்பித் தராதவரைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ஒரு சொல் ஒரு மொழியின் மிக முக்கியமான நூலில் இடம்பெற்றிருப்பது, அது அம்மொழியிலேயே பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் கிரேக்கம் வழங்கியதால் தெனாரியஸ் அங்கே 'தெனாரியோன்' ஆயிற்று. அரமேய மொழியினர் அதை வாங்கித் 'தினாரா' என்றார்கள். அவர்கள் வழியாக அரபுக்கு வந்தது. அரபில் இதன் பன்மை 'தனானீர்'. நடுவில் இரண்டு 'ன' ஒலி வருவதைக் கொண்டு, ஒருமையும் ஒரு காலத்தில் 'தின்னார்' என்று இருந்திருக்க வேண்டும் என்பார்கள் மொழியியலாளர்கள்.

4. ரோமில் அது வெள்ளி. தினார் என்றால் தங்கம். வெள்ளி எங்கே தங்கமாக மாறியது?

ரோமானியரின் பொற்காசுக்கு முழுப்பெயர் 'தெனாரியஸ் அவ்ரேயஸ்', அதாவது பொன் தெனாரியஸ். வெள்ளித் தெனாரியஸ் இருபத்தைந்துக்கு அது ஒன்று. நாட்போக்கில் ரோமில் அடைமொழி மட்டும் நின்று 'அவ்ரேயஸ்' என்றே வழங்கியது. கிழக்கே அடைமொழி உதிர்ந்து, மூலப்பெயர் பொற்காசுக்குத் தங்கிவிட்டது. கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'சோலிடஸ்' என்ற புதிய பொற்காசையும் கிழக்கத்தியர் தினார் என்றே அழைத்தார்கள்.

அரபுப் பேரரசு முதலில் அந்தக் காசையே பயன்படுத்தியது, பிறகு அதைப் பார்த்து அடித்தது. உமையா கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், உருவங்களை முற்றிலும் நீக்கி எழுத்துகள் மட்டுமே கொண்ட தினாரை வெளியிட்டார். அதன் எடை 4.25 கிராம்.

5. சில மொழிகளில் "தெ" என்று தொடங்குகிறது, சிலவற்றில் "தி". ஸ்பெயினை அரபியர் ஆண்டதால்தானே ஸ்பானியத்தில் "தினேரோ" என்கிறார்கள்?

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அப்படி இல்லை. அரபின் 'தி'க்குக் காரணம் கிரேக்கம். கிரேக்கத்தில் நெடில் 'ஏ' ஒலியைக் குறித்த எழுத்து, பிற்காலத்தில் 'ஈ' என்று ஒலிக்கத் தொடங்கியது; கிழக்கே சென்ற வடிவங்கள் அந்த உச்சரிப்பைச் சுமந்து சென்றன.

ஸ்பானியத்தின் 'தினேரோ'வுக்கு இலத்தீனே நேரடித் தாய். சொல்லின் முதலெழுத்தைக் காட்டிலும் வாலைப் பார்த்தால் இது விளங்கும். இலத்தீனில் 'ஆரியஸ்' என்று முடியும் சொற்கள் ஸ்பானியத்தில் 'ஏரோ' என்றும், போர்ச்சுகீசியத்தில் 'எய்ரோ' என்றும், பிரெஞ்சில் 'இயே' என்றும் முடிவது வழக்கம். 'முதலாவது' என்பதற்கான இலத்தீன் 'ப்ரிமாரியஸ்' ஸ்பானியத்தில் 'ப்ரிமேரோ', பிரெஞ்சில் 'ப்ரெமியே'. அதே அச்சில்தான் தினேரோ, தின்யெய்ரோ, தெனியே ஆகியவை வார்க்கப்பட்டிருக்கின்றன. அரபுத் தினாரைக் கடன் வாங்கியிருந்தால் வால் 'ஆர்' என்றே நின்றிருக்கும். இத்தாலியத்தின் 'தெனாரோ' மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது.

பால்கன் பகுதியில் இரண்டு வடிவங்களும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. செர்பியாவின் பணம் தினார். வட மாசிடோனியா 1992இல் தனிப் பணம் வெளியிட்டபோது தெனார் என்ற வடிவத்தைத் தேர்ந்தது.

6. ஸ்பெயின்காரருக்கும் இத்தாலியருக்கும் இது பொதுவாகப் "பணம்" என்று பொருள்படுகிறதாமே. ஒரு காசின் பெயர் எப்படி எல்லாப் பணத்துக்கும் பெயரானது?

இது நமக்குப் புதிதே அல்ல. 'பணம்' என்பதும் ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட சிறு பொற்காசின் பெயர்தான். ஐரோப்பிய வணிகர்கள் 'ஃபனம்' என்று தங்கள் கணக்கேடுகளில் எழுதிவைத்தது அதைத்தான்.

மேற்கு ஐரோப்பாவில் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை, அச்சடித்துப் புழங்கிய காசு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஒரே ஒரு வகைதான்: தெனியே எனப்பட்ட மெல்லிய வெள்ளிக்காசு. காசு என்றாலே அது என்றிருந்த ஐந்நூறு ஆண்டுகளில் பெயர் பொதுப்பெயராக விரிந்தது. ஸ்பானியம், போர்ச்சுகீசியம், இத்தாலியம், கத்தலான் ஆகியவற்றோடு, இலத்தீன் குடும்பத்தைச் சேராத ஸ்லோவேனியத்திலும் பணத்துக்கு இந்தச் சொல்லே. பிரெஞ்சு விலகி நின்றது; அங்கே பணத்துக்கு 'வெள்ளி' என்று பொருள்படும் வேறு சொல் வந்துவிட்டது. இருந்தாலும் அரசின் பொதுப்பணத்தைச் சொல்லும்போதும், கத்தோலிக்கத் திருச்சபைக்கு மக்கள் ஆண்டுதோறும் தரும் காணிக்கையைச் சொல்லும்போதும் பிரெஞ்சுக்காரர் இன்றும் 'தெனியே' என்கிறார்கள்.

7. பழைய இங்கிலாந்துக் கணக்கில் பென்னிக்கு "டி" என்ற எழுத்தைப் போட்டார்களே, பென்னியில் "டி" எங்கே இருக்கிறது?

பென்னியில் இல்லை, தெனாரியஸில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசர் சார்லமேன் காலத்துக் கணக்கு முறையில் ஒரு 'லிப்ரா' இருபது 'சோலிடஸ்', ஒரு சோலிடஸ் பன்னிரண்டு தெனாரியஸ். ஆக ஒரு லிப்ராவுக்கு 240 தெனாரியஸ். இங்கிலாந்து இந்த முறையைப் பின்பற்றியது. மக்கள் வாயில் பவுண்டு, ஷில்லிங், பென்னி. எழுத்தர்களின் ஏட்டில் மூன்று இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகள். பவுண்டின் குறி லிப்ராவின் 'எல்' எழுத்திலிருந்து வந்தது. ஷில்லிங்கின் 'எஸ்' சோலிடஸைக் குறித்தது, ஷில்லிங்கிலும் அதே முதலெழுத்து இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. பென்னியின் 'டி' மட்டும் புதிராக நின்றது. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் பதின்மக் கணக்குக்கு மாறியபோது அந்த 'டி' கைவிடப்பட்டு 'பி' வந்தது.

ஜெர்மனியின் பழைய சில்லறைக் காசான பிஃபென்னிக்குக் குறியும் பழங்கையெழுத்தில் சுழித்து எழுதிய 'டி'தான். அமெரிக்காவில் ஆணியின் அளவை இன்றும் 'பத்து பென்னி' என்று சொல்லி, பத்துக்குப் பக்கத்தில் 'டி' போடுகிறார்கள். ரோமானிய வெள்ளிக்காசின் முதலெழுத்து தச்சரின் ஆணிப்பெட்டியில் போய் ஒட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

8. பள்ளிப் பையில் "600டி பாலியஸ்டர்" என்று போட்டிருக்கிறது. நெசவுக்காரர்கள் சொல்லும் டெனியரும் இந்தக் காசும் ஒன்றா?

ஒரே சொல்தான். அந்த 'டி' டெனியரின் முதலெழுத்து. டெனியர் என்பது பிரெஞ்சுத் தெனியேயின் ஆங்கில உச்சரிப்பு. பிரான்சில் தெனியே காசாக மட்டுமன்றி மிகச் சிறிய எடையாகவும் இருந்தது. பட்டு நூல் கைக்குச் சிக்காத மென்மையுடையது. அதன் பருமனை அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாது. எனவே குறிப்பிட்ட நீளத்துக்கு நூலைச் சுற்றி, அந்தச் சிட்டம் எத்தனை தெனியே எடை இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு இதை ஒழுங்குபடுத்தியபோது 450 மீட்டர் நீளமும் 0.05 கிராம் எடையும் அடிப்படையாயின. பெருக்கிப் பார்த்தால் 9,000 மீட்டருக்கு ஒரு கிராம். அதுவே ஒரு டெனியர்.

ஆகவே உங்கள் பையில் உள்ள நூலை 9,000 மீட்டர் நீட்டினால் 600 கிராம் இருக்கும். பட்டு வணிகத்தில் 20/22 டெனியர் என்று சொன்னால், கூடுகளிலிருந்து பல இழைகளைச் சேர்த்துச் சுற்றிய கச்சாப் பட்டு அதே நீளத்துக்கு 20 முதல் 22 கிராம் வரை இருக்கும் என்று பொருள். எண் கூடினால் நூல் தடிமன். பருத்தி நூலின் 'கவுண்ட்' இதற்கு நேர்மாறானது, அதில் எண் கூடினால் நூல் மெலியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

9. பழைய விவிலியத்தில் "பணம்", புதியதில் "தெனாரியம்". எது சரி?

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வேலையாட்களுடன் பேசும் நாட்கூலி மூலத்தில் ஒரு தெனாரியோன். புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அதை 'ஒரு பணம்' என்றது. கேள்வி 6இல் சொன்னதுபோல் பணம் அன்று ஒரு காசின் பெயராக இருந்ததால், அந்த மொழிபெயர்ப்பாளர்கள் செய்தது காசுக்குக் காசு வைத்த நல்ல வேலை. பணம் பொதுச்சொல்லாகிவிட்ட பிறகு 'ஒரு பணம்' என்பது வாசகருக்குப் புரியாமல் போனது. 'திருவிவிலியம்' என்ற புதிய பொது மொழிபெயர்ப்பு 'தெனாரியம்' என்று பெயரையே வைத்துக்கொண்டது. இன்றைய வாசகருக்கு நான் பின்னதையே பரிந்துரைப்பேன், ஆனால் அது ஒரு நாள் கூலி என்பதை அடிக்குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

10. தினக்கூலிக்குக் கொடுத்த காசு என்பதால்தான் "தினார்" என்று பெயர் வந்ததா?

இல்லை, ஒலி ஒப்புமை தற்செயலானது. 'தினம்' வடசொல், இலத்தீனில் அதற்கு உறவு, நாளைக் குறிக்கும் 'தியேஸ்' என்ற சொல். தெனாரியஸுக்கு வடமொழியில் உறவு தேடுவதானால் 'தச' என்ற எண்ணுப்பெயரில் தேட வேண்டும்.

11. தமிழ்நாட்டில் ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றனவே. அவற்றில் தெனாரியஸ் உண்டா?

உண்டு, அதுவும் கொங்கு நாட்டில் மிகுதியாக. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெள்ளித் தெனாரியஸ்கள் கிடைத்துள்ளன. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே செல்லும் பெருவழி இந்தப் பகுதியில்தான் போயிற்று. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும் வணிகர்களை இங்கே இழுத்தது.

இரண்டு வகைக் காசுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று அகஸ்டஸுடையது: பின்புறம் அவருடைய வாரிசுகளான கையுஸும் லூக்கியுஸும் நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க நேர்நிற்கிறார்கள். மற்றொன்று திபேரியஸுடையது: பின்புறம் நாற்காலியில் அமர்ந்த பெண் கையில் கிளையொன்றை ஏந்தியிருக்க, இருபுறமும் 'தலைமைக் குரு' என்ற பட்டம் இலத்தீனில் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். சீசருக்கு வரி செலுத்தலாமா என்ற கேள்விக்கு விடையளிக்க இயேசு வாங்கிப் பார்த்த தெனாரியம், இந்தத் திபேரியஸ் காசாகவே இருந்திருக்கும் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். கேள்வி 9இல் கண்ட 'பணம்' கொங்கு மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பொற்காசுகளும் கிடைத்துள்ளன. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். காசாக மீண்டும் புழங்கக் கூடாது என்பதற்காகவா, பொன்னின் தரம் பார்க்கவா என்று இன்றும் வாதிடுகிறார்கள். சங்கப் பாடல்கள் இந்த வணிகத்தைப் பொன், காசு, காணம் என்ற நம் சொற்களிலேயே பேசுகின்றன. காசை வாங்கினோம், எடைபோட்டோம், பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று தோன்றுகிறது.

12. வடமொழியில் "தீனாரம்" இருக்கிறதே, அது அரபியர் வழியாக வந்ததுதானே?

கால வரிசை இடம் தரவில்லை. இரண்டாம் சந்திரகுப்தர் காலத்துச் சாஞ்சிக் கல்வெட்டு, குப்த ஆண்டு 93, அதாவது கி.பி. 412–413, பௌத்த சங்கத்துக்கு அளித்த கொடையில் இருபத்தைந்து தீனாரங்களைக் குறிப்பிடுகிறது. இது அப்துல் மலிக்கின் தினாருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முந்தியது. குஷாணர்கள் ரோமானியப் பொற்காசின் எடையை ஒட்டி, சுமார் எட்டு கிராமில் பொற்காசு அடித்தார்கள். அந்த மரபைத் தொடர்ந்தவர்கள் குப்தர்கள். பொற்காசோடு பெயரும் ரோமானிய வணிகத்தின் வழியாக வந்தது.

காஷ்மீரில் இந்தச் சொல் இன்னொரு திருப்பம் எடுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய காஷ்மீர வரலாற்று நூலான இராஜதரங்கிணியில், மன்னன் ஜயாபீடனின் அவைத் தலைவரான உத்பட பட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் தின்னாரம் சம்பளம். இதைப் பொற்காசு என்று எண்ணிப் படிப்பவர் மலைத்துப்போவார். அங்கே தின்னாரம் என்பது செம்புக்காசு புழங்கிய நாட்டின் மிகச் சிறிய கணக்கு அலகு.

13. குவைத் தினார் ஏன் 13⅓ ரூபாய்க்கு மாற்றப்பட்டது? இப்படி ஒரு பின்னக் கணக்கை யார் போட்டது?

1961 வரை குவைத்தில் புழங்கியது இந்திய ரூபாயும், பிறகு ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே 1959இல் வெளியிட்ட தனி ரூபாயும். ஈராக்கிலும் 1932இல் தினார் வரும்வரை இந்திய ரூபாய்தான். இரண்டு நாடுகளும் தினாரைப் பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாக வைத்தன. ரூபாயின் மதிப்பு அப்போது ஒரு ஷில்லிங் ஆறு பென்னி, அதாவது 18 பென்னி. பவுண்டுக்கு 240 பென்னி. 240ஐப் பதினெட்டால் வகுத்தால் 13⅓. பென்னியின் எழுத்து 'டி' என்று கேள்வி 7இல் பார்த்தோம். ஆகவே, ஏட்டுக் கணக்குப்படி, ஒரு தினார் 240 தெனாரியஸுக்குச் சமமாக இருந்தது. சொல்லின் ஒரு பிள்ளை தன் உடன்பிறப்பைப்போல் 240 மடங்கு!

வளைகுடாவின் மற்றப் பணப்பெயர்களும் மேற்கிலிருந்து வந்தவையே. திர்ஹம் கிரேக்கத் 'திராக்மா'. ஃபில்ஸ் ரோமானியச் செம்புக்காசான 'ஃபோலிஸ்'. ரியால், அரசனுக்குரியது என்ற பொருளுள்ள இலத்தீன் சொல் ஸ்பானியம் வழியாக வந்தது. ஓமானின் பைசா மட்டும் நம் பக்கத்துச் சரக்கு.

14. தினார் என்றாலே மதிப்பு மிக்க பணம் என்று நினைத்திருந்தேன். ஈரானில் அது ஏன் சில்லறைக்கும் கீழே?

பெயருக்கு மதிப்பு கிடையாது. கேள்வி 2ஐப் பாருங்கள். ஈரானில் தினார் தேய்ந்து தேய்ந்து, பத்தாயிரம் தினாருக்கு ஒரு 'தோமான்' என்றாயிற்று. தோமான் என்ற சொல்லுக்கே பத்தாயிரம் என்று பொருள். 1932இல் ரியால் வந்தபோது நூறு தினார் ஒரு ரியால். யுகோஸ்லாவியாவில் 1993இல் பணவீக்கம் தலைதெறிக்க ஓடியபோது 50,000 கோடி தினார் மதிப்புள்ள ஒற்றைத் தாள் அச்சிடப்பட்டது. அதே பெயருடைய குவைத் பணம் இன்று உலகிலேயே மிக உயர்ந்த மாற்று மதிப்புடையவற்றுள் ஒன்று.

15. ஆங்கிலேய மன்னன் ஒருவன் அரபுத் தினார் அடித்தானாமே? அதைத் தெனாரியஸ் என்பதா, தினார் என்பதா?

எட்டாம் நூற்றாண்டில் இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டு மன்னன் ஆஃபாவின் காசு அது; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பாஸிய கலீபா அல்மன்சூர் ஹிஜ்ரி 157இல், அதாவது கி.பி. 773–774இல், அடித்த பொற்காசின் படி. அரபு எழுத்துகளைப் படிக்கத் தெரியாத ஒருவர் பார்த்துப் பார்த்து வெட்டிய அச்சு என்பது எழுத்துப் பிழைகளிலிருந்து தெரிகிறது. நடுவில் 'ஆஃபா மன்னன்' என்ற இலத்தீன் சொற்கள், அரபு வரிகளுக்குத் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கின்றன. காசை எப்படிப் பிடித்தாலும் ஏதோ ஒரு மொழி தலைகீழாக நிற்கும்.

இதே ஆஃபா வெள்ளிப் பென்னியும் அடித்தான். ஏட்டில் அதன் பெயர் தெனாரியஸ். இத்தகைய பொற்காசை அக்கால ஐரோப்பியர் 'மன்குஸ்' என்றார்கள். 'பொறிக்கப்பட்டது' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதுவர். ஒரு மன்குஸுக்கு முப்பது பென்னி. காசியலார் இதை 'ஆஃபாவின் தினார்' என்கிறார்கள். உருவத்தை வைத்துப் பேசும்போது நானும் அப்படியே எழுதுவேன். மெர்சியாவின் கணக்கை வைத்துப் பேசும்போது மன்குஸ் என்றே எழுத வேண்டும். முப்பது தெனாரியஸுக்கு ஒரு தினார் என்று எழுதினால் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் ஆஃபாவின் எழுத்தருக்கு அது விளங்கியிருக்காது.